மணமாகாப் பெற்றோரின் பிள்ளைகள்: பராமரிப்பும் சந்திப்புரிமையும்

சபை ஊழியத்தில் ஈடுபட்டிருப்போர் எதிர்கொள்ளும் வினாக்களுள், பலர் அறிய எழுப்பப்படாத வினா ஒன்று உண்டு. திருமணம் செய்துகொள்ளாத இருவருக்குக் குழந்தை பிறந்துவிட்டால், அதனை உண்பித்து உடுத்தி வளர்க்கும் கடமை யாருடையது? அதனைக் கண்டு பழகும் உரிமை யாருக்கு உண்டு? பெற்றோரின் ஒழுக்கத்தைக் குறித்து நமது பிரசங்கங்களும் ஒழுங்குமுறைகளும் நிறையவே பேசியுள்ளன. பிள்ளையின் சோற்றைக் குறித்து அவை பேசியது குறைவு. ஆகவே, இந்நாட்டின் சட்டம் இவ்விரு வினாக்களுக்கும் கூறும் விடையை ஈண்டு விளக்க முற்படுகிறோம். சட்டத்தை அறியாத குருவானவர் நல்லெண்ணத்தோடேயே ஒரு குழந்தையின் உரிமையை அழித்துவிடக்கூடும் என்பதே இம்முயற்சிக்குக் காரணம்.

பொருள் விளங்கும்பொருட்டு ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். சேரன்மகாதேவிக்கு அருகே, கன்னடியன் கால்வாய் பாயும் சிற்றூர் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி. அவளுக்கு ஓர் ஆண் குழந்தை. தந்தையானவன் அதே சேகரத்தைச் சேர்ந்தவன். மணப்பதாகச் சொல்லிப் பழகியவன். இப்போது திருப்பூரில் பனியன் ஆலையொன்றில் வேலை செய்கிறான். இரு குடும்பத்தாரும் மணத்திற்கு இசையவில்லை. இத்தகைய நிலையில் வழக்கமாக நடப்பது யாது? ஊர்ப் பெரியோரும் சபை மூப்பரும் கூடுவர். ஒரு தொகை பேசப்படும். தனக்கும் தன் குழந்தைக்கும் இனி யாதொரு பாத்தியதையும் இல்லையென்று அப்பெண்ணிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்குவர். உபதேசியார் சாட்சியாகக் கையொப்பமிடுவார். காரியம் முடிந்தது என்று எல்லாரும் வீடு திரும்புவர்.

உண்மையில் காரியம் முடியவில்லை. பராமரிப்புப் பெறும் உரிமை குழந்தைக்கு உரியது, தாய்க்கு உரியதன்று. தனக்குரியதல்லாத ஒன்றைத் தாய் விட்டுக்கொடுக்க இயலாது. அத்தாளைக் காட்டிக் குழந்தையின் மனுவைத் தள்ளுபடி செய்யும்படி தந்தை கேட்டால், நீதிமன்றம் அதற்கு இணங்குவதில்லை. பெற்ற தொகையைக் கணக்கில் கொள்ளலாம், அவ்வளவே. ஆயினும், அத்தாள் தன் கையைக் கட்டிவிட்டது என்று நம்பி ஆண்டுகள் பலவற்றை வீணாய்க் கழிக்கும் தாய்மார் உளர். சாட்சிக் கையொப்பமிட்ட நாமும் அந்நம்பிக்கைக்கு உடந்தையாகிறோம்.

இங்கு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லையெனில் கதையே வேறு. 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி அவளது இசைவு பொருட்படுத்தப்படாது, அது குற்றம். அதனை அறிந்த எவரும் காவல்துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர், அறிவியாமை தண்டனைக்குரியது. குருவானவருக்கும் மூப்பருக்கும் விதிவிலக்கு இல்லை. அங்கே பஞ்சாயத்துப் பேசுவதற்கு இடமே கிடையாது.

பராமரிப்புக் கடமை

திருமணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளையை ஆங்கிலேயப் பொதுச்சட்டம் எவருடைய பிள்ளையும் அல்லாதவன் என்று கொண்டது. ஆனால் எவருக்கும் உரிமையற்ற பிள்ளையின் செலவு ஊரார் தலையில் விழுந்தமையால், 1576ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாடாளுமன்றம், பெற்றோரிடமிருந்து பணம் வசூலிக்கும் அதிகாரத்தைச் சமாதான நீதிபதிகளுக்கு அளித்தது. இரக்கத்தினால் அன்று, வரிப்பணத்தை மிச்சப்படுத்தவே. 1834இன் ஏழையர் சட்டம் சுமையனைத்தையும் தாயின்மேல் ஏற்றியது. அக்கொடுமையை நாடு பொறுக்காததால், பத்து ஆண்டுகளுக்குள் தந்தைமேல் வழக்காடும் வழி தாய்க்குத் திறக்கப்பட்டது.

அவ்வழியே நம் நாட்டுக்கும் வந்தது. 1872இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை உருவாக்கிய ஸ்டீபன் என்பார், பராமரிப்பு விதிகளின் நோக்கம் ஆதரவற்றோர் அலைந்து திரிவதைத் தடுப்பதே என்று கருதினார். உரிமையியல் சார்ந்த இக்காரியம் குற்றவியல் சட்டத்தினுள் புகுந்ததன் காரணம் இதுவே. 1898இன் சட்டத்தில் இது 488ஆம் பிரிவாக நின்றது. அக்காலத்தில் உட்கோட்ட நடுவரும் இம்மனுக்களை விசாரிக்கலாம். சேரன்மகாதேவி அன்றும் இன்றும் உதவி ஆட்சியர் இருக்கை கொண்ட ஊர். அன்றைய உதவி ஆட்சியரே உட்கோட்ட நடுவருமாவார். நிலவரிக் கணக்கும் பிள்ளையின் கஞ்சிக் கணக்கும் ஒரே மேசைக்கு வரக்கூடிய காலம் அது. 1973இன் சட்டத்தில் இதுவே 125ஆம் பிரிவு ஆயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக உள்ளது. எண் மாறினும் உட்பொருள் பெரிதும் மாறவில்லை.

அதன் உட்பொருள் யாதெனில்: போதிய வருவாய்க்கு வழியுள்ள ஒருவன், தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத தன் இளவயதுப் பிள்ளையைப் பராமரிக்கத் தவறினால் அல்லது மறுத்தால், மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துமாறு நடுவர் ஆணையிடலாம். அப்பிள்ளை திருமணத்தின்வழிப் பிறந்ததா அன்றா என்ற வேறுபாடு இல்லை என்பதைச் சட்டம் வெளிப்படையான சொற்களிலேயே கூறுகிறது. உடலூனமோ மனவளர்ச்சிக் குறைவோ உள்ள பிள்ளையாயின், பதினெட்டு வயதுக்குப் பின்னரும் இக்கடமை தொடரும். மணமான மகளுக்கு மட்டும் இந்நீட்சி இல்லை. சமயம் எதுவாயினும் இச்சட்டம் பொருந்தும். கிறிஸ்தவருக்கு இது மிக முக்கியம். இந்துத் தந்தையை 1956இன் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. கிறிஸ்தவத் தந்தைக்கு அத்தகைய தனிச்சட்டம் எதுவும் இல்லை. 1869இன் மணமுறிவுச் சட்டம் குழந்தைகளின் பொறுப்பைப் பற்றிப் பேசினும், அது திருமண வழக்கின் பகுதியாகவே பேசுகிறது. திருமணமே நிகழாத இடத்தில் அதனால் பயனில்லை.

"போதிய வருவாய்" என்றவுடன் சொத்தும் சம்பளச் சீட்டும் நினைவுக்கு வரும். உடல்நலமுள்ள ஆண்மகன் உழைத்துப் பொருளீட்ட வல்லவன் என்று கொள்வதே நீதிமன்றங்களின் மரபு. வேலை இல்லை என்னும் வாதம் எளிதில் ஏற்கப்படுவதில்லை. தாய் பீடி சுற்றி ஈட்டுவது தொகையை அளவிடும்போது கருதப்படலாம். தந்தையின் கடமையை அது நீக்காது. தாயின் நடத்தையைப் பற்றிய குற்றச்சாட்டும் குழந்தையின் மனுவுக்குத் தடையன்று. நடத்தையைக் காட்டி உரிமையை மறுக்கும் விதி மனைவியைக் குறித்தது, பிள்ளையைக் குறித்ததன்று. சபை விசாரணைகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன.

தொகையின் கதை வருந்தத்தக்கது. 1898இல் மாதம் 50 ரூபாய்க்கு மேற்படக்கூடாது என்று இருந்தது. 1923இல் 100 ஆயிற்று. 1955இல் 500 ஆயிற்று. மத்தியச் சட்டத்தில் அந்த 500 ரூபாய் 2001வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், அசையாமல் நின்றது. 1955இல் ஒரு குடும்பத்தைத் தாங்கவல்ல தொகை, கடைசியில் ஒரு குழந்தையின் பாலுக்கும் போதாததாய்ச் சுருங்கிற்று. 2001இன் திருத்தம் உச்சவரம்பை அறவே நீக்கியதோடு, இடைக்காலப் பராமரிப்பு மனுவை இயன்றவரை 60 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் விதித்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பாரும் தத்தம் வரவு, செலவு, சொத்து ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்றும், மனு அளித்த நாள் முதலே பராமரிப்பு கணக்கிடப்பட வேண்டும் என்றும் நெறிப்படுத்தியுள்ளது.

நமது கற்பனைப் பெண் எந்நீதிமன்றத்திற்குச் செல்வாள்? இங்கே சட்டத்தில் ஒரு வடு உள்ளது. மனைவியாயின் தான் வாழும் இடத்திலேயே மனு அளிக்கலாம். மணமாகாத தாய்க்கோ, தந்தையானவன் இருக்கும் இடம், அல்லது அவன் அத்தாயுடன் கடைசியாக வாழ்ந்த இடம் என்றே சட்டத்தின் சொற்கள் கூறுகின்றன. புதிய சட்டம் அவனுடைய பெற்றோர் வாழும் இடத்தையும் சேர்த்திருப்பதால் இவளுக்குச் சிறிது ஆறுதல் உண்டு. அவன் பெற்றோர் அதே சேகரத்தில் இருப்பின், கைக்குழந்தையோடு திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றம் நிறுவப்பட்ட எல்லைக்குள் அம்மன்றமும், ஏனைய இடங்களில் குற்றவியல் நடுவரும் விசாரிப்பர். 1987இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறத் தக்கவர்கள். வட்டச் சட்டப்பணிகள் குழுவின் வாசல்வரை அவளை அழைத்துச் செல்வது, ஒரு குருவானவர் அவளுக்குச் செய்யக்கூடிய நல்ல ஊழியம்.

ஆணை பிறந்தும் பணம் வராவிடில், அபராதத்தைப் போல வசூலிக்கப் பிடியாணை கேட்கலாம். செலுத்தத் தவறிய ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம். சிறைக்குச் சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தெளிவுபடுத்தியது. ஆனால் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டிற்குள் வசூல் மனு அளிக்க வேண்டும். இந்த ஓராண்டை மறந்து நிலுவையை இழப்போர் உண்டு. நாள்காட்டியில் குறித்து வைக்கத் தக்கது.

தாய் தனக்கென்று பராமரிப்புக் கேட்பது வேறு வழக்கு. 125ஆம் பிரிவு மனைவியையே கூறியது. திருமணம் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் 2005இன் குடும்ப வன்முறைச் சட்டம் உதவும். கோயம்புத்தூரிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம் அதற்கான அடையாளங்களை வரையறுத்தது. இருவரும் மணம் செய்யத் தகுதியுடையவராயும், ஊரறியக் கணவன் மனைவியைப் போலக் குறிப்பிடத்தக்க காலம் கூடி வாழ்ந்தவராயும் இருத்தல் வேண்டும். நம் பீடித் தொழிலாளிப் பெண் அவ்வாறு வாழ்ந்தவளல்லள். அவளுக்கு இல்லை என்பதால் குழந்தைக்கும் இல்லை என்று கொள்ளலாகாது.

தந்தைமையை மெய்ப்பித்தல்

மணமான தாயின் பிள்ளைக்கு அவள் கணவனே தந்தை என்று சட்டம் ஊகிக்கிறது. 1872இன் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 116ஆம் பிரிவில் உள்ளது. மணமாகாத தாய்க்கு இவ்வூகத்தின் துணை இல்லை. இவனே தந்தை என்று அவள் மெய்ப்பிக்க வேண்டும். கடிதங்கள், ஒன்றாக எடுத்த நிழற்படங்கள், பிரசவச் செலவுக்கு அனுப்பிய பணம், மருத்துவமனைப் பதிவேட்டில் அவன் இட்ட கையொப்பம், உறவினர் சாட்சியம் ஆகிய யாவும் பயன்படும். மரபணுச் சோதனையை எடுத்தவுடன் ஆணையிடலாகாது, உரிய அடிப்படை இருக்க வேண்டும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றம் ஆணையிட்டும் ஒருவன் மறுப்பானாயின், அம்மறுப்பையே அவனுக்கு எதிராகக் கொள்ளலாம் என்பது 2014இல் வந்த நிலைப்பாடு. பஞ்சாயத்துப் பேச்சில் ஒப்புக்கொண்டு பின்னர் மறுப்போர் பலர். ஆகவே, மூப்பர் கூடிய நாளில் அவன் கைப்பட எழுதித்தரத் தக்க ஒரே தாள், இப்பிள்ளை என்னுடையது என்னும் ஒப்புதலே. உரிமை விடுதலைப் பத்திரத்தை எழுதி வாங்கும் நாம் இதை எழுதி வாங்குவதில்லை.

பொறுப்பும் சந்திப்பும்

பணம் கேட்டால் பிள்ளையைப் பறித்துக்கொள்வான் என்ற அச்சம் தாய்மாரிடம் ஆழ்ந்து கிடக்கிறது. தந்தைக் குடும்பத்தாரும் இவ்வச்சத்தை வளர்ப்பதுண்டு. பராமரிப்பு ஆணை எவருக்கும் குழந்தையின்மேல் பொறுப்புரிமையை வழங்குவதில்லை. அது தனி மனு, தனி விசாரணை. மணத்திற்கு வெளியே பிறந்த இந்துக் குழந்தைக்குத் தாயே முதற் காப்பாளர் என்று 1956இன் சட்டம் கூறுகிறது. தந்தை அவளுக்குப் பின்னரே. கிறிஸ்தவருக்கு 1890இன் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமே உண்டு. அது இந்நிலையைப் பற்றி வாய்திறக்கவில்லை.

அம்மௌனத்தை 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருவாறு நீக்கியது. வழக்காடியவர் படித்து உத்தியோகம் பார்க்கும் மணமாகாத கிறிஸ்தவத் தாய். தீர்ப்பில் அவர் பெயர் எழுத்துக்குறியால் மறைக்கப்பட்டுள்ளது. தம் சேமிப்புகளுக்கும் காப்பீட்டுப் பத்திரங்களுக்கும் மகனை நியமனதாரராக்க விரும்பினார். தந்தையின் பெயரைச் சொல்லுங்கள், இல்லையேல் காப்பாளர் சான்று கொண்டு வாருங்கள் என்றனர். சான்று கேட்டு நீதிமன்றம் சென்றால், தந்தைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றனர். அவர் தந்தையின் பெயரை வெளியிட மறுத்தார். 2011இல் கீழ்மன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளின. நீதியரசர் விக்ரமஜித் சென் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்போ, தனியாய் வளர்க்கும் தாயையே அச்சட்டத்தின் நோக்கில் பெற்றோராகக் கொள்ளலாம் என்றும், பிள்ளையைப் பேணாத தந்தைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டியதில்லை என்றும் தீர்த்தது. மேலும், மணமாகாத தாய் பிறப்புச் சான்று கேட்டால், பிரமாணப் பத்திரம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு சான்று வழங்க வேண்டும் என்றும் பணித்தது. ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில் பிறந்த இத்தீர்ப்பு நமது சபைகளில் அதிகம் பேசப்படாதது வியப்பே.

ஆனால் அதே தீர்ப்பு தந்தைக்குக் கதவை அடைத்துவிடவில்லை. காப்பாளர் ஆணைகள் என்றென்றைக்கும் உறுதியானவையல்ல. தந்தை பின்னர் உண்மையான அக்கறை காட்டி வந்தால் அவனுடைய மனு கேட்கப்படும் என்றும் கூறுகிறது. மணமாகாத தந்தைக்குச் சந்திப்புரிமை உண்டு என்று விதிக்கும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. இங்கிலாந்தில் 2003 டிசம்பர் முதல், தாயோடு சேர்ந்து குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும் மணமாகாத தந்தைக்குப் பெற்றோர் பொறுப்பு தானாகவே கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், தந்தையென்று ஏற்றுக்கொண்டு வளர்ப்பிலும் செலவிலும் பங்கேற்றவனுக்கே உரிமை என்கிறது. பின்னதே எனக்குச் சிறந்ததாய்த் தோன்றுகிறது. இங்கே அவன் 1890இன் சட்டத்தின்கீழ் மனு அளிக்க வேண்டும். இடக்கணக்கு இங்கே தலைகீழாகிறது: குழந்தை வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்திற்கு அவனே வர வேண்டும். திருப்பூரிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற வேண்டியவன் அவன்.

நீதிமன்றம் பார்ப்பது ஒன்றே: குழந்தையின் நலன். 17ஆம் பிரிவு இதனைக் கூறுவதோடு, அறிந்து விருப்பம் சொல்லத்தக்க வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தையும் கருதச் சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை இரவு தங்க அனுப்புமாறு எவரும் ஆணையிடார். முதலில் சிறிது நேரம், தாயோ பாட்டியோ உடனிருக்க, அறிமுகமான இடத்தில். முகம் பழகியபின் நீண்ட நேரம். பள்ளிப் பருவத்தில் விடுமுறை நாள்கள். வழி இவ்வாறு செல்வதே பொருத்தம். தொலைவில் வாழும் பெற்றோருக்குக் காணொளி அழைப்பு வழியாகவேனும் தொடர்பு வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வலியுறுத்தியது. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவும், பிரிந்து வாழும் பெற்றோர் இருவரோடும் தொடர்பு கொள்வதைப் பிள்ளையின் உரிமையாகவே சொல்கிறது. பிள்ளைக்குத் தீங்கு நேருமெனில் சந்திப்பை மறுக்கவும் வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அவ்வாறே நடுவரைப் பணிக்கிறது. சட்ட ஆணையம் தனது 257ஆம் அறிக்கையில், 2015 மே மாதம், பொறுப்பு, பராமரிப்பு, சந்திப்பு ஆகியவற்றைப் பற்றித் தனி அத்தியாயமே 1890இன் சட்டத்தில் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

பணமும் சந்திப்பும் ஒன்றுக்கொன்று விலையல்ல என்பதை இரு தரப்பாருக்கும் எடுத்துரைப்பது ஆயரின் கடினமான பணி. பிள்ளையைக் காட்டவில்லை என்று தந்தை பணத்தை நிறுத்தலாகாது. பணம் வரவில்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டித் தாய் பிள்ளையை ஒளித்து வைப்பதும் ஏற்புடையதன்று. அவளுக்கு வசூல் மனு இருக்கிறது. எனினும் இவ்விரண்டையும் ஒரே எடையாக நிறுக்க எனக்கு மனமில்லை. பசியோடிருக்கும் பிள்ளையின் தாய்க்குச் சந்திப்பின் நன்மையை விளக்கப் போகிறவர், அதற்கு முன் தந்தையின் வீட்டுக்குச் சென்று வந்திருக்க வேண்டும்.

வளர்க்கவே இயலாத தாய்க்கும் வழி உண்டு. பிள்ளையில்லாத் தம்பதியிடம் மருத்துவமனையிலிருந்தே கைமாற்றிவிடுவது குற்றம். 2015இன் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. டோனாவூரில் 1901 முதல் குழந்தைகளை ஏற்று வளர்த்த பணி நம் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. ஆனால் அக்காலத்தில் போல இன்று நேரே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட முடியாது.

பதிவேடும் உயிலும்

பிறப்பைக் காட்டிச் சிறுவரைத் தனிப்பந்தியில் அமர்த்துவதா என்ற கேள்வியால் 1920களில் நாடறிந்த ஊராயிற்று சேரன்மகாதேவி, வ. வே. சு. ஐயரின் குருகுலப் பூசல் அது. அங்கே காட்டப்பட்டது சாதிப் பிறப்பு. நமது ஞானஸ்நானப் பதிவேட்டின் தந்தை பெயர்க் கட்டத்தில் வேறொரு பிறப்பு காட்டப்படுகிறது. கட்டத்தை வெறுமையாய் விடுவதில் தவறில்லை. "தெரியாது" என்று எழுதுவதோ, இழிசொல் ஒன்றைக் குறிப்பதோ, பின்னர் அப்பிள்ளை எதற்கேனும் நகல் கேட்கும் நாளில் அதன் கையிலேயே கொடுக்கப்படும். தாய்வழிப் பாட்டனின் பெயரைத் தந்தை பெயராக எழுதும் இரக்கமும் வேண்டா. அது பொய்யான பதிவு, பிற்காலத்தில் சிக்கலே தரும்.

சொத்துரிமையில் சட்டம் இன்னும் இரங்கவில்லை. நியாயாதிபதிகள் புத்தகம் பதினோராம் அதிகாரத்தில் யெப்தாவை அவன் சகோதரர் துரத்திய காரணம் இதுவே. நமது நிலையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. 1925இன் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் பிள்ளை என்பது முறையான மணத்தின் பிள்ளையையே குறிக்கும் என்பது நெடுங்காலக் கொள்கை. உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் இப்பிள்ளைக்குப் பங்கு கிடைப்பது அரிது. உயில் எழுதினும் போதாது. "என் பிள்ளைகளுக்கு" என்று பொதுவாக எழுதினால், 100ஆம் பிரிவின்படி அச்சொல் முறைப்படி பிறந்தோரையே குறிக்கும். மனந்திரும்பிய தந்தை ஒருவன் ஆலோசனை கேட்டு வந்தால், பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரையும் பிறந்த நாளையும் உயிலில் வெளிப்படையாக எழுதச் சொல்ல வேண்டும். சாட்சிகள் இருவர் வேண்டும். உயிலால் பயனடைவோரையும் அவர்தம் கணவன் மனைவியரையும் சாட்சியாக வைத்தால் அவர்களுக்குரிய கொடை செல்லாது போகும். ஆகையால், அத்தாய்க்கும் உயிலில் ஏதேனும் எழுதப்பட்டிருப்பின், அவள் சாட்சியாகக் கையொப்பமிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்கேதும் பெறாத உபதேசியாரும் மூப்பர் ஒருவரும் கையொப்பமிடலாம்.